உள்ளே ஒரு ஏரி

கீ... கீ... கீ... என்று எங்கிருந்தோ சத்தம் வந்தது.

தராசில் கேரட்டை ஏற்றிக்கொண்டிருந்த ரஹ்மத்துன்னிசாவின் கை அப்படியே நின்றது. எதிரே நின்ற கோயமுத்தூர்க்காரம்மா கைப்பையைத் திறந்து தன் போனை எடுத்துப் பார்த்தாள். அவள் புருசன் சட்டைப் பையைத் தடவினான். பக்கத்துக் கடை அன்னக்கொடி பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"யாரு போனுப்பா அது, குருவிக்குஞ்சு மாதிரி கத்துது?"

சத்தம் ரஹ்மத்துன்னிசாவின் அடிவயிற்றிலிருந்து வந்தது. ஸ்வெட்டருக்கும் சேலைக்கும் உள்ளே, இடுப்புப் பட்டையில் செருகியிருந்த சோப்புக்கட்டி அளவுப் பெட்டிதான் கத்தியது. முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி கையை உள்ளே விட்டுப் பொத்தானை அமுக்கினாள். சத்தம் அடங்கியது.

"உங்க போனாக்கா?"

"ஆமா அன்னம். மாத்திரைக்கு அலாரம் வெச்சிருக்கேன்."

"நான்கூட உங்க வீட்டு பாய்தான் கூப்பிடுறாரோன்னு நெனச்சேன். அவரு கூப்பிட்டா இதைவிடச் சத்தமால்ல இருக்கும்."

கோயமுத்தூர்க்காரம்மா சிரித்தாள். ரஹ்மத்துன்னிசாவும் சிரித்து வைத்தாள். கேரட்டைப் பையில் கொட்டிக் கொடுத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் சாலைக்கு மேலே இருந்த லாட்ஜைப் பார்த்தாள். இரண்டாம் மாடி பால்கனிக் கம்பியில் மஞ்சள் துண்டு எதுவும் தொங்கவில்லை. கீழ் மாடியிலும் இல்லை. கம்பி எல்லாம் மொட்டையாக, பனியில் நனைந்து கிடந்தது.



செண்பகனூரில், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுகிற சாலையோரம் தார்ப்பாய் கட்டிய கடைகள் வரிசையாக இருக்கும். மலைப்பூண்டு, கேரட், பட்டர் ப்ரூட், பிளம்ஸ், தாட்பூட் பழம், பாட்டிலில் தைல எண்ணெய். கீழேயிருந்து வருகிறவர்கள் கொடைக்கானலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மூக்கால் பார்ப்பது இந்த இடத்தில்தான். ரஹ்மத்துன்னிசா கடை போட்டுப் பதினேழு வருசம் ஆகிறது. பக்கத்தில் அன்னக்கொடி. பூம்பாறையில் சொந்தத் தோட்டத்தில் விளைகிற பூண்டு, கேரட் மூட்டையோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள், கடைசி பஸ்ஸில் போவாள். இருவரும் ஒரே டீயைப் பிரித்துக் குடித்திருக்கிறார்கள். ஒருத்தி பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் இரண்டு கடையையும் பார்த்திருக்கிறாள். புருசனைத் திட்டுவது, மாமியாரைத் திட்டுவது, போலீஸ்காரனைத் திட்டுவது எல்லாம் வாய் நிறையப் பேசுவார்கள். ஒன்றை மட்டும் பேச மாட்டார்கள்.

அந்த ஒன்றுக்கு அங்கே இடம் கிடையாது. ஆரம்பத்தில் கடைகளுக்குப் பின்னால் சோலைக்காடு இருந்தது. பெண்கள் இரண்டு பேராகச் சேர்ந்து போய் வருவார்கள். பிறகு காட்டுக்குக் கம்பிவேலி வந்தது. வேலியைத் தாண்டினால் காட்டுமாடு நின்றது. காட்டுமாட்டைப் படம் எடுக்க டூரிஸ்ட்டுகள் போனோடு வந்து நின்றார்கள். அதற்கப்புறம் யாரும் போகவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். விடியுமுன்னே வீட்டில் போய்விட்டு வந்தால் அடுத்தது இருட்டின பிறகுதான். சீசனில் அதுவும் தள்ளிப் போகும். பூண்டைக் கட்டுக் கட்டுவது மாதிரி, பட்டர் ப்ரூட்டைக் கனிய வைப்பது மாதிரி, அடக்குவதும் அந்தத் தொழிலில் ஒரு வேலையாக இருந்தது.

சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்டது. போன தை மாதம் ரஹ்மத்துன்னிசாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மகள் சமீஹா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற வேலையில் இருக்கிறாள். தன் தாயின் வயிற்றில் தானே ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தவள், திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ரஹ்மத்துன்னிசாவும் பார்த்தாள். சாம்பல் நிறப் பனிக்கு நடுவே பெரிதாக, கறுப்பாக, அசையாமல் ஒன்று கிடந்தது. அமாவாசை இரவில் மேட்டுத்தெருவிலிருந்து பார்த்தால் கொடைக்கானல் ஏரி அப்படித்தான் தெரியும்.

"இது என்னடி, எனக்குள்ள ஏரி மாதிரி கெடக்கு?"

"மூத்திரப்பைம்மா" என்றாள் சமீஹா. "இவ்வளவு நெறைஞ்சிருக்கே, உங்களுக்கு முட்டவே இல்லையா?"

முட்டவில்லை. எப்போதிலிருந்து முட்டவில்லை என்று யோசித்தாள். தெரியவில்லை. பக்கத்து வெள்ளி அருவிச் சத்தம் நாளெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் அது நின்றால், எப்போது நின்றது என்று யாரால் சொல்ல முடியும்?

டாக்டரம்மா நல்ல மாதிரி. "நெறைஞ்சிருச்சுன்னு சொல்லுற நரம்பு தூங்கிப் போச்சும்மா. பை ரப்பர் மாதிரி விரிஞ்சு, தண்ணி கிட்னிவரைக்கும் எதுத்து ஏறிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கிட்னியே போயிருக்கும்" என்றார். குழாய் போட்டு இடுப்பில் பையைத் தொங்கவிடுவது ஒரு வழி. இல்லையென்றால் புதிதாக வந்திருக்கும் ஒரு கருவியைக் கட்டிப் பார்க்கலாம். அந்த ஆஸ்பத்திரியில் அதைச் சோதனைக்கு வைத்திருந்தார்கள்.

கட்டிவிட்டவள் சமீஹாதான். உள்ளங்கை அகலத்தில் ஒட்டுகிற பட்டை, அதில் நாலு சின்னக் கண்கள், ஒரு வயர், பெட்டி.

"இந்தக் கண்ணு உங்க வயித்துக்குள்ள ஒரு சத்தம் அனுப்பும்மா. நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். அது போயி பையோட அந்தப்பக்கச் செவுத்துல முட்டித் திரும்பும். எக்கோ பாயிண்ட்ல நின்னு கூப்பிட்டா பள்ளத்துல இருந்து திரும்பி வருமே, அது மாதிரி. திரும்பி வர எம்புட்டு நேரமாகுதுன்னு பாத்து, பை எம்புட்டு ஊதியிருக்குன்னு கணக்குப் போட்ரும். நானூறு மில்லி வந்தாக் கத்தும். உங்க போன் வழியா எனக்கும் நம்பர் வந்துரும்."

"உள்ள யாரு கூப்பிடுறது?"

"மெஷின்தான்."

"என்னான்னு கூப்பிடும்?"

சமீஹா சிரித்துவிட்டாள். "'ஏ, எம்புட்டுத் தண்ணி இருக்கு'ன்னு கேக்கும்."

அதிலிருந்து ரஹ்மத்துன்னிசாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. ஆள் வராத நேரங்களில், பனி சாலைக்கு இறங்கி எதிர்க்கடைகூடத் தெரியாமல் போகும்போது, கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே ஒரு பள்ளத்தாக்கு. அதன் விளிம்பில் யாரோ நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கறுப்புத் தண்ணீரின் மேலே அந்தக் குரல் போகிறது, அக்கரையில் பட்டுத் திரும்புகிறது. தான் இத்தனை வருசம் ஒரு தடவைகூடக் கேட்காததை அது அலுக்காமல் கேட்கிறது. சில சமயம் அவளுக்கு அதன் மேல் பிரியமாகக்கூட இருந்தது.

ஆனால் டாக்டரம்மா ஒரு கண்டிசனோடுதான் அனுப்பியிருந்தார். சீசன் முடிகிறவரை பை ஐந்நூறைத் தாண்டவே கூடாது. தாண்டினால் கருவியைக் கழற்றிவிட்டுக் குழாய்தான். குழாய் என்றால் வீடுதான்.

வீட்டுக்காரர் ஒலியுல்லா மினி லாரியில் மலைக்காய்கறியை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறக்குகிறவர். தொண்டை பெரிது, மனசு பயந்தது. மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ஒரே பாட்டுதான். அன்று காலையும் பாடிவிட்டுத்தான் போனார்.

"கடையச் சாத்திட்டு வீட்ல இருன்னா கேக்குறியா நீ?"

"வீட்ல இருந்து என்னங்க செய்ய?"

"வீட்ல கக்கூஸ் இருக்கு. கடைல என்ன இருக்கு?"

"கடைல நான் இருக்கேன்."

அவர் அடுப்படிக்குப் போய், பட்டையை ஒட்டுமுன் தடவுகிற, குளிரில் கெட்டியாகக் கிடந்த ஜெல் டப்பாவை எடுத்து, வெந்நீர்ப் பானையை ஒட்டி வைத்துத் திருப்பித் திருப்பிச் சூடாக்கிக் கொண்டுவந்து நீட்டினார். "சில்லுன்னு பட்டா உனக்குத் தூக்கிவாரிப் போடுதுல்ல" என்றார், எங்கேயோ பார்த்தபடி.

பெட்டி நேரத்தைச் சொல்லிவிடும். இடத்தைச் சொல்லாது. அதிலும் மற்றவர்கள் மாதிரி ஒரு நிமிசத்தில் முடிகிற காரியம் இல்லை அவளுக்கு. நரம்பு தூங்கிவிட்டதால், உட்கார்ந்து, முன்னால் குனிந்து, அடிவயிற்றை மெல்ல அழுத்தி, கொஞ்சம் இளைப்பாறி, மறுபடி முயற்சி செய்ய வேண்டும். மரத்தடி ஆகாது. கதவு வேண்டும், பொறுமை வேண்டும். அதற்கு ஒரு வழி கிடைத்திருந்தது. மேலே லாட்ஜில் அறை துடைக்கிற ராஜகுமாரி, ஆள் காலி செய்த அறையின் பால்கனியில் மஞ்சள் துண்டைப் போட்டுவிடுவாள். ரஹ்மத்துன்னிசா பெட்டியில் எண்ணைப் பார்த்து, அது கத்துமுன்னே பின்படி வழியாக ஏறிப் போய்விட்டு வருவாள். பதிலுக்கு ராஜகுமாரி வீட்டில் காசு கொடுத்துப் பூண்டு வாங்கியதே இல்லை.

இன்று சனிக்கிழமை. மே மாதம். துண்டு இல்லை.

போன் அடித்தது. சமீஹா.

"அம்மா, நானூத்தி இருபது. போயிட்டீங்களா?"

"போறேன்டி."

"போறேன்னா? கெளம்பிட்டீங்களா, இல்ல கேரட்டு நிறுத்துட்டு இருக்கீங்களா?"

"லாட்ஜ் பூரா ஆளா இருக்கும்போல. வீட்டுக்குத்தான் போகணும்."

"அத்தாவக் கூப்பிடுங்க."

ஒலியுல்லாவைக் கூப்பிட்டாள். பெருமாள்மலைக்குக் கீழே நிற்கிறேன், முன்னாலும் பின்னாலும் கார்தான், லாரியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டா வர முடியும் என்று அவர் கத்தினார். கத்தி முடித்துவிட்டு, "ரஹ்மத்து, எப்படியாவது போயிரும்மா" என்று குரலை இறக்கினார்.

சாலையைப் பார்த்தாள். டவுன் பஸ் ஒன்று வளைவில் பாதி உடம்பை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. அதன் முன்னாலும் வண்டிகள், பனிக்குள் மங்கலாகச் சிவப்பு விளக்குகள். வீடு மேலே மூஞ்சிக்கல்லில். நடந்தால் ஏற்றம், முழங்கால் கேட்காது.

விசித்திரம் என்னவென்றால் அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. வலி இல்லை, கனம் இல்லை. யாரோ சொல்லித்தான் தன் வீடு எரிகிறது என்று தெரிந்துகொள்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். நானூற்று முப்பத்தைந்து. உள்ளே அந்தக் குரல் கூப்பிடுகிறது, இப்போது வெரசாகத் திரும்பவில்லை, அக்கரை தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. பனி கடைக்குள்ளே வந்து பிளம்ஸ் மேல் உட்கார்ந்தது. பழங்கள் ஒவ்வொன்றாக நிறம் இழந்தன. ஒரு கணம் தானே தண்ணீராகி, விளிம்புவரை நிறைந்து, சாலையில் நிற்கிற அத்தனை வண்டிகளின் கீழும் சத்தமில்லாமல் பரவுவதாகத் தோன்றியது.

"அக்கா. ஏங்க்கா. முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு."

அன்னக்கொடி முன்னால் வந்து நின்றிருந்தாள்.

"ஒண்ணுமில்ல அன்னம்."

"ஒண்ணுமில்லாமலா பூண்ட நிறுத்துட்டுக் கேரட்டு வெலை சொல்லி அனுப்புனீங்க? அந்தாளு குதிச்சுக்கிட்டு ஓடுறான்."

ரஹ்மத்துன்னிசா அவள் கையைப் பிடித்தாள். பதினேழு வருசமாக வாயில் வராத வார்த்தை வந்தது.

"அவசரம்டி. ஒண்ணுக்குப் போகணும். கதவு இருக்குற எடமா வேணும்."

அன்னக்கொடி ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்ச்சாரியில் மக்காச்சோளம் சுடுகிற ராமரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏலே ராமரு, ரெண்டு கடையும் பாத்துக்க. எவனாச்சும் வெலை கேட்டா வாய்க்கு வந்ததச் சொல்லு, கொறைச்சு மட்டும் சொல்லாத."

"எங்கக்கா போறீங்க ரெண்டு பேரும்?"

"கலெக்டரப் பாக்க. சோளம் கருகுது பாரு."

நின்ற கார்களுக்கு இடையில் நுழைந்து, பின்படியை விட்டுவிட்டு, முன்வாசல் வழியாகவே ரஹ்மத்துன்னிசாவை இழுத்துக்கொண்டு ஏறினாள் அன்னக்கொடி. வரவேற்பு மேசையில் மேனேஜர் பழனிக்குமார் ஒரு குடும்பத்துக்கு ஆதார் கார்டு நகல் கேட்டுக்கொண்டிருந்தான். கழுத்தில் டை, தலையில் குரங்குக் குல்லா.

"தம்பி, பாத்ரூம் சாவி ஒண்ணு குடு."

"ரூம் எல்லாம் ஃபுல்லுக்கா."

"ரூம் எவ கேட்டா? பாத்ரூம்."

"கஸ்டமருக்கு மட்டுந்தான்க்கா. ஓனர் கேமரால பாத்துட்டு இருக்காரு. என் வேலைக்கு உலை வெச்சிராதீங்க."

"நல்லாப் பாக்கட்டும். ஓனருக்கும் சேத்தே சொல்றேன். உங்க அடுப்படில இன்னிக்கு என்ன சமையல்?"

"வெஜிடபிள் பிரியாணி."

"கேரட்டு யாரு தோட்டத்துது? பட்டாணி யாரு உரிச்சது? இந்தா, விரல்ல இன்னும் பச்ச காயல. நான் உரிச்ச பட்டாணி உங்க கஸ்டமரு வயித்துக்குள்ள போலாம். நாங்க உங்க வாசலுக்குள்ள வரக் கூடாதோ? நாளைல இருந்து கேரட்டுக்கு ஒட்டன்சத்திரத்துக்கு ஆளனுப்பு. ரோடு நல்லா ஃப்ரீயாத்தான் இருக்கு, போயிட்டுத் திங்கக்கெழம வந்துருவான்."

ஆதார் கார்டு எடுத்துக்கொண்டிருந்த அம்மாள், "கொடுங்க தம்பி, பாவம் வயசானவங்க" என்றாள். ரஹ்மத்துன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். சேலைக்குள் பெட்டி மறுபடி கத்தத் தொடங்கியது.

பழனிக்குமார் மேலே கேமராவைப் பார்த்தான், வெளியே சாலையைப் பார்த்தான், மேசைக்கு அடியில் கையை விட்டு, மரக்கட்டை கோத்த ஒரு சாவியை எடுத்தான்.

"அடுப்படிக்குப் பின்னால ஸ்டாஃப் பாத்ரூம். வெளக்கு எரியாது. சீக்கிரம் வந்துருங்க."

"சீக்கிரமெல்லாம் வர முடியாது தம்பி. ஆற அமரத்தான் வருவோம். இன்னொண்ணு, சீசன் முடியுறவரைக்கும் இந்தச் சாவி எங்க கடைலதான் தொங்கும். உங்க ஆளுக்கு வேணும்னா கீழ வந்து கேட்டு வாங்கிக்கச் சொல்லு."

"அக்கா, அது எப்படிக்கா..."

"கேரட்ட வெள்ளனே அனுப்பி வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அன்னக்கொடி நடந்தாள்.

தகரக் கதவு. உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழுந்தது. மேலே சன்னல் ஓட்டையில் கண்ணாடி இல்லை. அதன் வழியாகப் பனி மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ரஹ்மத்துன்னிசா உட்கார்ந்தாள். பெட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். நானூற்று எழுபது. சமீஹா சொல்லிக்கொடுத்த மாதிரி முன்னால் குனிந்தாள், கையை அடிவயிற்றில் வைத்தாள். பிஸ்மில்லா என்றாள்.

முதலில் எதுவும் இல்லை. வெளியே அன்னக்கொடி யாரையோ விரட்டுகிற குரல் கேட்டது. "அங்கிட்டுப் போப்பா. ஆள் இருக்கு." பிறகு அமைதி. சமையலறையிலிருந்து பட்டை, கிராம்பு மணம். எங்கோ கீழே, வண்டிகளுக்கும் கீழே, அருவி.

கொஞ்ச நேரம் கழித்து எண் நகர்ந்தது. நானூற்று நாற்பது. முந்நூற்றுத் தொண்ணூறு. அவள் கண்ணை மூடினாள். கறுப்புத் தண்ணீர் கரையை விட்டு உள்வாங்கிக்கொண்டிருந்தது. படிக்கட்டு ஒன்று வெளியே வந்தது, அதன் கீழே இன்னொன்று, பாசி படிந்த கல், கட்டிப் போட்ட படகின் அடிப்பாகம். விளிம்பில் நின்று கூப்பிடுகிற குரல் இப்போது போன வேகத்தில் திரும்பி வந்தது. எம்புட்டுத் தண்ணி இருக்கு? கொஞ்சம்தான். எம்புட்டு? இன்னும் கொஞ்சம்தான்.

இளைப்பாறினாள். மறுபடி குனிந்தாள். அவசரப்படுத்த யாரும் இல்லை. பதினேழு வருசத்தில் ஒரு சீசன் நாளில், நடுப்பகலில், யாருக்கும் ஒளியாமல் இப்படி ஒரு கதவுக்குள் நிம்மதியாக உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை என்று தோன்றியபோது, காரணமில்லாமல் கண்ணில் நீர் வந்தது.

எண் நூறுக்குக் கீழே இறங்கியதும் போன் நடுங்கியது. சமீஹா அனுப்பியிருந்தாள். ஒரு வார்த்தை: 'அல்ஹம்துலில்லா'. அதற்குக் கீழே இன்னொன்று: 'இப்படியே போனா குழாய் வேணாம்னு டாக்டர் சொல்றாங்க.'

கை கால் கழுவிக்கொண்டு, சேலையைத் திருத்திக்கொண்டு வெளியே வந்தாள். பனிக்குள் அன்னக்கொடி கதவுக்கு முதுகைக் காட்டி, இடுப்பில் கை வைத்து, காவல் நின்றிருந்தாள். தலைமுடியில் துளித்துளியாக ஈரம்.

"ஆச்சாக்கா?"

"ஆச்சு."

"இப்பத்தான் மூஞ்சில ரத்தம் வந்திருக்கு. வாங்க, ராமரு பூண்டையெல்லாம் சும்மா தூக்கிக் குடுத்திருப்பான்."

ரஹ்மத்துன்னிசா நகரவில்லை. சாவி கோத்த கட்டையை அவளிடம் நீட்டினாள். நெஞ்சு நிறைந்திருந்தது. இந்தப் பெண்ணிடம் இத்தனை நாள் மறைத்து, மாத்திரை, அலாரம் என்று பொய்யும் சொன்னதை நினைக்க வெட்கமாக இருந்தது. கடையில் உட்கார்ந்ததும் பட்டையைக் காட்டி, நாலு கண்ணையும் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"நீயும் போயிட்டு வா அன்னம். நல்ல தாழ்ப்பாள். நான் நிக்கிறேன்."

அன்னக்கொடி சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் தோளைப் பரிவாகத் தட்டிக்கொடுத்தாள்.

"எனக்கு எதுக்குக்கா? உங்களுக்குத்தான் பாவம், இன்னும் அந்த உபத்திரவம் இருக்கு. இந்தத் தைப்பூசத்துல இருந்து வெள்ளனே வந்து உக்காந்தா இருட்டுறவரைக்கும் எனக்கு முட்டுறதே கெடையாது, பழனியாண்டவர் கண்ணத் தொறந்துட்டாரு."